பவேரியாவின் 1946 அரசியலமைப்பு: எழுதியது யார், எழுதச் சொன்னது யார்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்று, அமெரிக்க ராணுவம் ஆண்டுகொண்டிருந்தபோதே பவேரியா மாநிலம் தனக்கென்று ஓர் அரசியலமைப்பை எழுதி, மக்கள் வாக்குக்கும் விட்டது. அந்நிய ராணுவத்தின் கண்முன்னே எழுதிய ஒன்றை அந்த மக்களுடையது என்று எப்படிச் சொல்வது, ஜெனரல் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டதுதானே? கூடவே, இதை மற்ற நாடுகளுக்கு உதாரணமாகக் காட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. வாசகங்களை எழுதியது யார் என்பது ஒன்று. அதற்கு ஆவணங்களை வைத்தே பதில் சொல்லிவிடலாம். அப்படி எழுத அவர்களுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பது இன்னொன்று. அதில் சட்டக்காரர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

நான் சட்டக் கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேல் அரசியலமைப்புச் சட்டம் நடத்தியவன். கூட்டாட்சி நாடுகளின் மாநில அரசியலமைப்புகள்தான் என் ஆய்வுப் பகுதி. அதற்காகப் பவேரியத் தலைநகர் மியூனிக்கில் சில மாதங்கள் நூலகமே கதி என்று கிடந்திருக்கிறேன். ஆனால் நான் வரலாற்றாசிரியன் இல்லை. யார் மனதில் என்ன இருந்தது என்ற இடத்துக்கு வரும்போது என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம் ஊர்க்காரர்களுக்கு வரும் ஒரு குழப்பம். மாநிலத்துக்கு எதற்குத் தனி அரசியலமைப்பு? இந்தியாவில் தமிழ்நாட்டுக்கோ கேரளத்துக்கோ அப்படி ஒன்று கிடையாது, மத்தியில் இருக்கும் ஒன்றுக்குள்ளேயே மாநிலங்களுக்கான ஏற்பாடும் அடங்கிவிடுகிறது. ஜம்மு காஷ்மீருக்கு மட்டும் 1957 முதல் 2019 வரை தனியாக ஒன்று இருந்தது. ஜெர்மனியில் கதை வேறு. அங்கே மாநிலங்கள் நாட்டைவிடப் பழையவை. 1871-இல் ஜெர்மானியப் பேரரசு உருவானபோது பவேரியா ஒரு முழு ராஜ்ஜியமாக அதில் சேர்ந்தது. 1918-இல் மன்னராட்சி விழுந்த பிறகு 1919-இல் பாம்பெர்க் நகரில் இயற்றிய அரசியலமைப்பு ஒன்றும் அதற்கு இருந்தது. 1933-இல் ஹிட்லர் வந்ததும் மாநிலங்களின் அதிகாரத்தைத் துடைத்து எடுத்துவிட்டார். அதனால் 1946-இல் பவேரியர்கள் உட்கார்ந்தபோது, வெற்றுத்தாளில் எதையோ புதிதாகக் கண்டுபிடிப்பதாக அவர்கள் நினைக்கவில்லை. பறிபோன வீட்டைத் திரும்பக் கட்டுவதாகத்தான் நினைத்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, 1945. ஏப்ரல் 30 அன்று அமெரிக்கப் படைகள் மியூனிக்கில் நுழைந்தன. மே கடைசியில் ஃபிரிட்ஸ் ஷேஃபர் என்ற பழைய கத்தோலிக்க அரசியல்வாதியைக் கூப்பிட்டு முதல்வராக்கினார்கள். நாஜிகளை அரசு வேலைகளிலிருந்து களையெடுப்பதில் அவர் மெத்தனம் காட்டுகிறார் என்று செப்டம்பர் 28 அன்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதே நாளில் சமூக ஜனநாயகக் கட்சியின் வில்ஹெல்ம் ஹோக்னரை உட்கார வைத்தார்கள். வாக்கு இல்லை, சட்டமன்றம் இல்லை. ஒரு ராணுவ அதிகாரி ஒருவரை எழுப்பிவிட்டு இன்னொருவரை அமர்த்துகிறார், அவ்வளவுதான். சில நாட்களுக்கு முன், செப்டம்பர் 19 அன்று, ராணுவ அரசாங்கத்தின் இரண்டாம் பிரகடனம், நான்கு வெற்றி நாடுகள் பங்கு போட்டுக்கொண்ட ஜெர்மனியில் அமெரிக்கர்களின் பங்கான மண்டலத்தில் பவேரியா, வூர்ட்டம்பெர்க்-பாடன், பெரு ஹெஸ்ஸன் என்று மூன்று மாநிலங்களை அமைத்திருந்தது. ஆக, அரசியலமைப்பு எழுதப்போகும் மாநிலத்துக்கும், அதை எழுதத் தொடங்கப்போகும் முதல்வருக்கும் ராணுவ உத்தரவுதான் பிறப்புச் சான்றிதழ். உங்கள் சந்தேகத்துக்கு இது வலு சேர்க்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் அந்த ஹோக்னர் யார் என்று பார்க்க வேண்டும். 1920-களில் பவேரிய சட்டமன்றத்தில் இருந்துகொண்டு, ஹிட்லரின் 1923 கலகத்தைப் பற்றிய விசாரணைக் குழுவில் குடைந்து குடைந்து கேள்வி கேட்டவர். 1933-இல் உயிருக்குப் பயந்து ஆஸ்திரியாவுக்கு ஓடி, அடுத்த வருடம் சுவிட்சர்லாந்து போய், போர் முடியும்வரை பதினோரு வருடம் ஜூரிக்கில் கிடந்தார். அதே நாட்டில் செயின்ட் காலன் நகரில் ஹான்ஸ் நவியாஸ்கி என்ற சட்டப் பேராசிரியர் இருந்தார். கிராட்ஸில் பிறந்த ஆஸ்திரியர், மியூனிக் பல்கலைக்கழகத்தில் அரசியலமைப்புச் சட்டம் நடத்தியவர், யூத வம்சாவளி. 1931-இலேயே நாஜி மாணவர்கள் அவர் வகுப்பில் கலாட்டா செய்து பல்கலைக்கழகத்தையே கொஞ்ச நாள் மூடவைத்தார்கள். 1933-இல் அவரும் ஓடினார். இந்த இருவரும் அகதிகளாக இருந்த காலத்திலேயே, நாளைய ஜெர்மனி எப்படி இருக்க வேண்டும், அதில் பவேரியா எப்படி இருக்க வேண்டும் என்று பேசியும் எழுதியும் வைத்திருந்தார்கள். அமெரிக்கர்கள் "அரசியலமைப்பு எழுதுங்கள்" என்று சொன்னபோது ஹோக்னரின் சரக்கு ஏற்கெனவே மேஜையில் இருந்தது. அதற்குச் சட்ட வடிவம் கொடுக்க நவியாஸ்கியும் வந்து சேர்ந்தார். பின்னால் அந்த அரசியலமைப்பு நிர்ணய சபை கூடிய இடம் மியூனிக் பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபம். எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து அவரை விரட்டினார்களோ, அதே கட்டடம்.

எழுதச் சொன்னதும், எப்போது எழுத வேண்டும் என்று சொன்னதும் அமெரிக்கர்கள். இதில் சந்தேகமே வேண்டாம். 1946 ஜனவரியில் சின்ன ஊர்களில் உள்ளாட்சித் தேர்தல், பிப்ரவரியில் மூன்று மாநிலங்களுக்கும் அரசியலமைப்பு வேலையைத் தொடங்கும் உத்தரவு, மார்ச் 8 அன்று மியூனிக்கில் ஹோக்னர் தலைமையில் முன்தயாரிப்புக் குழுவின் முதல் கூட்டம், ஜூன் 30 அன்று நிர்ணய சபைத் தேர்தல். ஊர் இடிபாடு, ரேஷன் உணவு, லட்சக்கணக்கில் அகதிகள், இந்த நிலையில் இவ்வளவு அவசரம். இதன் பின்னே இருந்தவர் ஜெனரல் லூசியஸ் கிளே, அப்போது அமெரிக்க ராணுவத் துணை ஆளுநர். ஏன் அந்த அவசரம் என்பதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள்: ஜனநாயகத்தைப் பழக்கிவிட வேண்டும் என்ற நம்பிக்கை, வீரர்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று அமெரிக்காவில் இருந்த நெருக்கடி, சோவியத் மண்டலத்துக்கு முன்னால் ஒரு மாதிரியைக் காட்டும் ஆசை. எது எத்தனை பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, மூன்றும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். பக்கத்தில் இருந்த பிரிட்டிஷ்காரர்களுக்கு இந்த அவசரம் இல்லை. அவர்கள் மண்டலத்தில் இருந்த நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியாவுக்கு 1950-இல்தான் அரசியலமைப்பு வந்தது.

யார் போட்டியிடலாம் என்பதிலும் ராணுவத்தின் கை இருந்தது. கட்சி நடத்த உரிமம் வேண்டும். மன்னர் குடும்பத்தைத் திரும்பக் கொண்டுவர நினைத்த ஒரு கட்சிக்கு 1946 தொடக்கத்தில் உரிமம் கொடுத்து, மே மாதமே பிடுங்கிவிட்டார்கள். நாஜிக் கட்சியில் முனைப்பாக இருந்தவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. நாஜிகளுக்கு ஓட்டு இல்லை என்பது பற்றி யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை, ஆனால் மன்னராட்சிக் கட்சி விஷயம் வேறு. பவேரியாவில் அந்த உணர்வு உண்மையிலேயே இருந்தது, அது தேர்தலில் எத்தனை வாக்கு வாங்கியிருக்கும் என்பதைச் சோதிக்கவே விடவில்லை. ஜூன் 30 முடிவில் 180 இடங்களில் கிறிஸ்தவ சமூக ஒன்றியத்துக்கு 109, சமூக ஜனநாயகக் கட்சிக்கு 51, கம்யூனிஸ்டுகளுக்கு 9, லோரிட்ஸ் என்ற வழக்கறிஞரின் 'பொருளாதார மறுகட்டுமானக் கூட்டம்' என்ற விநோதமான கட்சிக்கு 8, தாராளவாதிகளுக்கு 3.

இனி நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. துப்பாக்கி முனையில் எழுதுபவர்கள் இப்படிச் சண்டை போட மாட்டார்கள். 109 இடம் வைத்திருந்த கட்சி நினைத்ததை எல்லாம் எழுதிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அந்தக் கட்சியே இரண்டாகப் பிளந்து கிடந்தது. அலோயிஸ் ஹுண்ட்ஹாமர் அணிக்கு மாநிலத்துக்குத் தனியாக ஒரு குடியரசுத் தலைவர் வேண்டும், முதல்வருக்கு மேலே ஒருவர். பவேரியா ஒரு நாடு என்பதற்கு அது அடையாளம் என்று பார்த்தார்கள், போன மன்னருக்கு ஒரு பதிலி என்றும் சிலர் பார்த்தார்கள். கட்சித் தலைவர் யோசப் முல்லர் அதை எதிர்த்தார். பெரும்பாலான சமூக ஜனநாயகவாதிகளும் எதிர்த்தார்கள், ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மன் ஜனநாயகமான வைமார் குடியரசில் ஹிண்டன்பர்க் என்ற ஜனாதிபதிதானே ஹிட்லருக்குக் கதவைத் திறந்துவிட்டார் என்ற நினைவு எல்லோருக்கும் பச்சையாக இருந்தது. செப்டம்பரில் வாக்கெடுப்பு. 85-க்கு 84. ஒரே ஒரு வாக்கில் அந்தப் பதவி செத்தது. இன்றும் பவேரியாவில் முதல்வருக்கு மேலே ஆளுநரும் இல்லை, தலைவரும் இல்லை. நம் மாநில ராஜ்பவன் செய்திகளைப் படித்துவிட்டு இதை நினைத்தால் பெருமூச்சு வரும், அது வேறு கதை.

தலைவர் பதவியை இழந்த கிறிஸ்தவ சமூக ஒன்றியத்துக்குக் கிடைத்தது செனட். விவசாயிகள், தொழிற்சங்கங்கள், கூட்டுறவு அமைப்புகள், தேவாலயங்கள், பல்கலைக்கழகங்கள் என்று துறைவாரியாக 60 பேர் உட்காரும் ஓர் ஆலோசனைச் சபை. பிள்ளைகள் மதவாரியான பள்ளியில் படிப்பதற்கும் அரசியலமைப்பில் இடம் கொடுத்தார்கள். பதிலுக்குச் சமூக ஜனநாயகவாதிகள் பொருளாதாரப் பகுதியில் தங்கள் முத்திரையைக் குத்தினார்கள். 161-ஆம் பிரிவில் ஒரு வாசகம் இருக்கிறது: உரிமையாளர் உழைப்போ முதலீடோ போடாமல் தானாக ஏறும் நிலமதிப்பைப் பொதுமக்களின் பயனுக்குக் கொண்டுவர வேண்டும் என்று. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் புறநகரில் மனை வாங்கிப் போட்டிருக்கும் மாணவர்களின் அப்பாக்களை நினைத்துக்கொள்வேன். மியூனிக்கில் இன்று மனை விலை போகும் உயரத்தைப் பார்த்தால், அந்த வாசகம் எவ்வளவு தூரம் செயலில் வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

நாஜி அனுபவத்தின் தழும்புகள் வாசகங்களில் அப்படியே தெரிகின்றன. கடவுளும் மனசாட்சியும் மனித மாண்பின்மேல் மதிப்பும் இல்லாத ஓர் ஆட்சியும் சமூகமும் நம்மைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் இந்த இடிபாடுகளைக் கண்முன் பார்த்தபடி, என்கிற பொருளில்தான் முகவுரையே தொடங்குகிறது. சன்னலைத் திறந்தால் தெரிந்த காட்சி அது, உவமை இல்லை. வைமார் அரசியலமைப்பின் 48-ஆம் பிரிவு ஜனாதிபதிக்குக் கொடுத்த நெருக்கடிக்கால அதிகாரம்தான் ஜனநாயகத்தைக் கொன்றது என்பார்கள். பவேரிய அரசியலமைப்பிலும் தற்செயலாக அதே எண்ணில், 48-இல்தான், நெருக்கடி அதிகாரம் வருகிறது, ஆனால் அரசு சில உரிமைகளை முதலில் ஒரு வாரத்துக்கு மட்டுமே கட்டுப்படுத்தலாம், உடனே சட்டமன்றத்தைக் கூட்டியாக வேண்டும். 98-ஆம் பிரிவின்படி அடிப்படை உரிமையை மீறும் எந்தச் சட்டத்தையும் எதிர்த்து யார் வேண்டுமானாலும் மாநில அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போகலாம், தனக்கு நேரடிப் பாதிப்பு இருக்கிறது என்று காட்ட வேண்டியதில்லை. நம் பொதுநல வழக்குக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி, ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் மூத்தது. அப்புறம் எல்லோருக்கும் பிடித்த 141: காட்டிலும் மலைப் புல்வெளியிலும் நடப்பதற்கும், நீர்நிலைகளில் படகு விடுவதற்கும், காட்டில் தானாக விளைவதை அந்த ஊர் வழக்கப்படி பறித்துக்கொள்வதற்கும் எல்லோருக்கும் உரிமை உண்டு. காளான் பொறுக்கும் உரிமை என்று கேலியாகச் சொல்வார்கள். மக்கள் பசியோடு இருந்த 1946-இல் அது கேலியாக இருந்திருக்காது. இந்த வரிகளை வாஷிங்டனில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அமெரிக்கர்கள் என்னதான் செய்தார்கள்? அதிகாரிகள் கூடவே இருந்து வரைவுகளைப் படித்தார்கள், பேசினார்கள், சில இடங்களில் முகம் சுளித்தார்கள். ஆனால் கடிவாளம் வாசகங்களுக்கு வெளியே இருந்தது. 1946 செப்டம்பர் 30 அன்று ஓர் உத்தரவு வந்தது. மாநில அரசியலமைப்புகள் வந்த பிறகும், நான்கு வல்லரசுகள் கூடி எடுக்கும் முடிவுகளும், ஆக்கிரமிப்பின் அடிப்படைக் கொள்கைகளை நிறைவேற்றத் தேவையான அதிகாரங்களும் ராணுவ அரசாங்கத்திடமே இருக்கும் என்று அது சொன்னது. எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு மேலே நாங்கள் இருக்கிறோம். அதன் பிறகு அக்டோபர் 24 அன்று கிளே ஒப்புதல் கடிதம் அனுப்பினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு அக்டோபர் 26 அன்று சபை 136-க்கு 14 என்று நிறைவேற்றியது. இந்த வரிசையைக் கவனியுங்கள். ஒப்புதல் முதலில், வாக்கெடுப்பு பிறகு.

அந்தக் கடிதத்தில் ஒரு முள் இருந்தது. 178-ஆம் பிரிவு, வருங்காலத்தில் அமையும் ஜனநாயக ஜெர்மன் கூட்டாட்சியில் பவேரியா சேரும் என்கிறது. சாதுவான வாசகம் போலத் தெரியும். ஆனால் "சேரும்" என்றால் சேருவதற்கு முன் வெளியே நிற்கிறது என்று அர்த்தம், வெளியே நிற்பவனுக்கு வர மாட்டேன் என்று சொல்லவும் உரிமை உண்டு. பவேரியாவின் தனித்தன்மை பேசியவர்கள் அந்த இடைவெளியை ரசித்துத்தான் வைத்தார்கள். கிளே அதைக் கண்டுபிடித்துவிட்டார். வாசகத்தை மாற்றச் சொல்லவில்லை. வருங்காலத்தில் பவேரியாவின் பிரதிநிதிகளுக்கான வழிகாட்டலாக மட்டும் இதை எடுத்துக்கொள்கிறோம், எந்த வடிவிலான ஜெர்மன் அரசிலும் பங்கேற்க மறுக்கும் உரிமையாக இதை ஏற்கவில்லை, என்ற பொருளில் எழுதிவிட்டார். ஒரு வாசகத்தைத் தொடாமலேயே அதன் பல்லைப் பிடுங்குவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

டிசம்பர் 1 அன்று பொதுவாக்கெடுப்பு, அதே நாளில் முதல் சட்டமன்றத் தேர்தலும். 70.6 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அப்படியென்றால் பத்தில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். அது எனக்கு நல்ல அறிகுறி. 99 சதவீத வாக்கெடுப்புகளை அந்த மக்கள் ஏற்கெனவே ஹிட்லர் காலத்தில் பார்த்தவர்கள். டிசம்பர் 8 அன்று அரசியலமைப்பு அமலுக்கு வந்தது. ஒரு தற்செயல்: அடுத்த நாள், டிசம்பர் 9 அன்று, டெல்லியில் நம் அரசியலமைப்பு நிர்ணய சபையின் முதல் கூட்டம். பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு போட்டுக்கொடுத்த திட்டத்தின்படி, மாகாணச் சட்டமன்றங்கள் மறைமுகமாகத் தேர்ந்தெடுத்த சபை அது, வைஸ்ராய் இன்னும் மாளிகையில் இருந்தார். ஆக்கிரமிப்பும் காலனியாட்சியும் ஒன்றில்லை, இரண்டையும் நான் ஒப்பிடவில்லை. ஆனால் அந்நியன் போட்ட ஏற்பாட்டில் கூடிய சபை எழுதியது நம்முடையதா என்ற உங்கள் கேள்வி நம் வாசலிலும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறது.

பவேரியாவை மட்டும் பார்த்தால் படம் கொஞ்சம் அழகாகத் தெரியும், அதனால் ஹெஸ்ஸனையும் சொல்லியாக வேண்டும். அங்கே நிர்ணய சபையின் 90 இடங்களில் சமூக ஜனநாயகவாதிகளுக்கு 42, கிறிஸ்தவ ஜனநாயகவாதிகளுக்கு 35, மீதி கம்யூனிஸ்டுகளுக்கும் தாராளவாதிகளுக்கும். அவர்கள் எழுதிய 41-ஆம் பிரிவு, சுரங்கம், இரும்பு எஃகு, மின்சாரம், ரயில் போன்றவை இந்த அரசியலமைப்பு அமலாகும்போதே பொதுவுடைமை ஆகின்றன என்றது. பவேரியாவின் 160-ஆம் பிரிவிலும் இதே வாசனை உண்டு, ஆனால் அங்கே "ஆக்கலாம்" என்றுதான் இருக்கிறது, ஹெஸ்ஸனில் "ஆகின்றன". அந்த ஒரு விகுதி வித்தியாசம் கிளேயின் தூக்கத்தைக் கெடுத்தது. எடுக்கச் சொன்னால் சபை எடுக்கவில்லை. சரி, அந்தப் பிரிவை மட்டும் தனியாக மக்கள் வாக்குக்கு விடுங்கள் என்றார், தனியாக விட்டால் தோற்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம். டிசம்பர் 1 அன்று அரசியலமைப்புக்கு 76.8 சதவீதம், 41-ஆம் பிரிவுக்கு 72 சதவீதம் ஆதரவு. மக்கள் இரண்டையும் ஜெயிக்க வைத்தார்கள். 1948 டிசம்பரில் ராணுவ அரசாங்கம் பெரிய நிறுவனங்கள் விஷயத்தில் அதன் அமலாக்கத்தை நிறுத்தி வைத்தது. நாடு முழுவதற்குமான கேள்வியை ஒரு மாநிலம் தனியாக முடிவு செய்யக்கூடாது என்பது கிளே தரப்பு வாதம். தொழிற்சாலையில் தொழிலாளர்களுக்கு நிர்வாகத்தில் பங்கு தரும் ஹெஸ்ஸன் சட்டத்தின் முக்கியப் பகுதிகளுக்கும் அதே வருடம் அதே கதி. எழுத விட்டார்கள், ஜெயிக்கவும் விட்டார்கள், நடத்த மட்டும் விடவில்லை. உங்கள் சந்தேகத்துக்கு நியாயம் தேட வேண்டுமானால் மியூனிக்கில் தேடாதீர்கள், ஹெஸ்ஸன் தலைநகர் வீஸ்பாடனில் தேடுங்கள்.

மற்ற மண்டலங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு மண்டலத்தில் மூன்று மாநிலங்களுக்கு 1947 மே 18 அன்று வாக்கெடுப்பு, ரைன்லாந்து-ஃபால்ஸில் வெறும் 53 சதவீதம். சார்லாந்தில் வாக்கெடுப்பே இல்லை, ஜெர்மனியிலிருந்து அரசியல் ரீதியாகப் பிரிந்து பிரான்ஸோடு பொருளாதார ரீதியில் சேர்வதை முகவுரையிலேயே எழுதினார்கள். அதைப் பிரான்ஸின் விருப்பம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? 1955-இல் தங்கள் நிலை பற்றிய வேறொரு திட்டத்தில் வாக்களிக்க வாய்ப்புக் கிடைத்ததும் மக்கள் 67.7 சதவீதம் வேண்டாம் என்றார்கள், 1957 தொடக்கத்தில் சார்லாந்து மேற்கு ஜெர்மனியில் சேர்ந்தது. சோவியத் மண்டலத்தில் ஐந்து மாநிலங்களும் ஒரே கட்சியின் வரைவை வைத்து 1946 டிசம்பர் முதல் 1947 பிப்ரவரிக்குள் எழுதி முடித்தன, 1952-இல் மாநிலங்களையே கலைத்துவிட்டார்கள். எழுதும்போது வாசகங்கள் மோசமாக இல்லை என்பதுதான் இதில் வேதனை.

இப்போது சந்தேகமான பகுதி. 1907 ஹேக் ஒப்பந்தத்தின் 43-ஆம் விதி, ஆக்கிரமித்தவன் அங்கே நடப்பில் இருக்கும் சட்டங்களை, முடியவே முடியாது என்றால் ஒழிய, மதித்து நடக்க வேண்டும் என்கிறது. அந்த அளவுகோலில் ஓர் ஆக்கிரமிப்பு ராணுவம் புது மாநிலங்களை அமைத்து அரசியலமைப்பு எழுதச் சொல்வது எல்லை மீறல். நேச நாடுகளின் பதில்: இது சாதாரண ஆக்கிரமிப்பே இல்லை, நிபந்தனையற்ற சரணடைவு நடந்தது, 1945 ஜூன் 5 பெர்லின் அறிவிப்பின் மூலம் ஜெர்மனியின் உச்ச அதிகாரத்தையே நாங்கள் ஏற்றுவிட்டோம், பாதுகாக்க அங்கே நாஜி சட்டங்களைத் தவிர என்ன இருக்கிறது? ஆஸ்திரியாவில் பேர் வாங்கிய சட்ட அறிஞர் ஹான்ஸ் கெல்சன் ஒரு படி மேலே போய், ஜெர்மனி என்ற அரசே அத்தோடு இல்லாமல் போய்விட்டது என்று வாதிட்டார். ஜெர்மன் சட்டக்காரர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. 1973-இல் ஜெர்மன் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றமும், பழைய ஜெர்மன் அரசு 1945-இல் அழிந்துவிடவில்லை என்றே சொன்னது. கெல்சன் சரி என்றால் பவேரியர்கள் வெற்றிடத்தில் எழுதினார்கள், நீதிமன்றம் சரி என்றால் செயலிழந்து கிடந்த ஓர் அரசின் ஒரு பகுதியாக இருந்து எழுதினார்கள். என் சாய்வு இரண்டாவதன் பக்கம், ஆனால் இதை நிரூபணம் என்று சொல்லி உங்களிடம் விற்க மாட்டேன்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ராணுவம் போன பிறகு அந்தப் புத்தகத்தை அவர்கள் என்ன செய்தார்கள் என்பது. பிடிக்காத சட்டையை, கட்டாயப்படுத்தியவர் போனதும் கழற்றிவிடலாம். பவேரியர்கள் கழற்றவில்லை. 1949 மே மாதம் மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம், அதாவது நாடு முழுவதற்குமான அரசியலமைப்பு, வந்தபோது, அது மத்திக்கு அதிக அதிகாரம் கொடுக்கிறது என்று பவேரிய சட்டமன்றம் 101-க்கு 63 என்று நிராகரித்தது, ஆனால் மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்கள் ஏற்றால் எங்களையும் கட்டுப்படுத்தும் என்று இன்னொரு தீர்மானமும் போட்டது. வேண்டாம், ஆனால் வருகிறோம். கிளே பிடுங்கிய பல்லை வேறு வழியில் கொஞ்சம் காட்டிவிட்டார்கள். பவேரிய அரசியலமைப்பை மாற்ற சட்டமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் போதாது, ஒவ்வொரு மாற்றமும் மக்கள் வாக்குக்குப் போயாக வேண்டும். மதவாரிப் பள்ளிகள் பற்றிய பிரிவை 1968-இல் அப்படித்தான் மாற்றினார்கள். ஹோக்னரும் நவியாஸ்கியும் சுவிட்சர்லாந்தில் பார்த்துப் பழகிய நேரடி ஜனநாயகம் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது என்பது பரவலான கருத்து, 1919 பாம்பெர்க் அரசியலமைப்பிலும் அதற்கு வேர் உண்டு. 1998 பிப்ரவரியில் மக்களே கையெழுத்து இயக்கம் நடத்தி வாக்கெடுப்பில் செனட்டை ஒழித்தார்கள், ஐம்பது வருடத்துக்கு முன் பேரம் பேசி வாங்கிய அதே செனட். 2010-இல் உணவகங்களில் புகைப்பதற்கு எதிரான கடுமையான தடையை வாக்கெடுப்பில் கொண்டுவந்தார்கள், பீர் கூடாரங்கள் உட்பட. 2019-இல் தேனீக்களையும் பல்லுயிர்களையும் காப்பாற்ற 18.3 சதவீத வாக்காளர்கள் நேரில் போய்க் கையெழுத்திட்டார்கள். இரண்டு வாரத்தில் 10 சதவீதம் சேர்ந்தாலே போதும். சட்டமன்றம் வாக்கெடுப்புவரை போகாமலே அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

உதாரணமாகக் காட்டலாமா என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அவசரப்பட்டுக் காட்டாதீர்கள். பவேரியாவுக்கு இருந்தவை எல்லா இடத்திலும் இருக்காது. ஒரு பழைய அரசியலமைப்பு நினைவில் இருந்தது. தேர்தல் நடத்திப் பழகிய கட்சிக்காரர்கள் உயிரோடு இருந்தார்கள், அவர்களில் சிலர் நாஜிகளோடு கைகோர்த்த கறை இல்லாமல் வெளிநாட்டில் இருந்தபடி யோசித்து வைத்திருந்தார்கள். மாநில எல்லை பெரும்பாலும் பழைய எல்லையே. ஆக்கிரமித்தவனுக்கு அந்த மண்ணைத் தன் நாட்டோடு சேர்க்கும் ஆசை இல்லை. கடைசி ஒன்று மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் சார்லாந்தைச் சொன்னேன். இவற்றில் எது இல்லாவிட்டாலும் மற்றவை போதுமா என்பதற்கு என் துறையில் விடை இல்லை, வைத்திருப்பதாகச் சொல்பவர்களை நான் நம்புவதும் இல்லை.

நேரம் இருந்தால் மூலத்தையே படித்துப் பாருங்கள், பவேரிய சட்டமன்றம் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளியிட்டிருக்கிறது. முகவுரையிலிருந்து நேராக 178-க்குப் போங்கள், அதைக் கிளே கடிதத்தின் கண்ணோடு படியுங்கள், அப்புறம் 141. ஹெஸ்ஸன் அரசியலமைப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த 41-ஆம் பிரிவு முழுதாக நடைமுறைக்கு வராமலும் நீங்காமலும் இன்னும் அதில் அப்படியே இருக்கிறது.